பாட்டிலில் இருக்கும் முயலை நம்பலாமா? முயல் முத்திரைகள் பற்றி ஒரு விமர்சனம்

பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம், ஷாம்பு, லிப்ஸ்டிக் என எதைத் திருப்பிப் பார்த்தாலும் இப்போது ஒரு முயல் படம் இருக்கிறது. பக்கத்திலேயே ‘விலங்குகள் மீது சோதிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி, இல்லையென்றால் ‘க்ரூயல்டி ஃப்ரீ’, அதாவது கொடுமை இல்லாதது, என்று இரண்டு சொல். விமர்சனம் எழுதுகிறவர்கள் நுரை வருகிறதா, வாசனை நிற்கிறதா, கை எரிகிறதா என்றெல்லாம் எழுதுகிறார்கள். நல்லதுதான், ஆனால் அந்த முயலை யாரும் விமர்சிப்பதில்லை. நான் ஒரு பாட்டிலை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதே அதை வைத்துத்தான் என்பதால், இந்த விமர்சனம் முழுக்க அந்த முயலைப் பற்றியது.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். விலங்கு நலக் குழுக்கள் சேர்ந்து தரும் லீப்பிங் பன்னி முத்திரைக்கு ஐந்துக்கு நாலு. பீட்டா அமைப்பின் பட்டியலுக்கு ஐந்துக்கு இரண்டரை. கம்பெனி தானாகவே வரைந்து ஒட்டிக்கொள்ளும் முயலுக்குப் பூஜ்யம்.

சரி, முதலில் ஏன் முயல் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இது தெரியாமல் முத்திரைக்கு எவ்வளவு மதிப்பு என்று எடைபோட முடியாது. 1944-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் வேலை பார்த்த ஜான் டிரெய்ஸ் என்ற நச்சியல் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். ஒரு வெள்ளை முயலைப் பிடித்து, ஒரு கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி ஆக்கி, சோதிக்க வேண்டிய பொருளை அதில் விடுவார்கள். திரவமாக இருந்தால் 0.1 மில்லிலிட்டர், அதாவது சில சொட்டுகள். இமையை ஒரு விநாடி மூடிப் பிடித்துவிட்டு விட்டுவிடுவார்கள். இன்னொரு கண்ணில் எதுவும் விடுவதில்லை, அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து, 24, 48, 72 மணி நேரம் கழித்து என்று பார்த்துக்கொண்டே வருவார்கள், ஆறவில்லையென்றால் 21 நாள் வரைக்கும். சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, நீர் வடிகிறதா, கருவிழிக்கு மேலிருக்கும் படலம் கலங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மொத்தம் 110, அதில் 80 அந்தப் படலத்துக்கு மட்டும். படலம் முழுக்க வெளுத்து, உள்ளே எதுவும் தெரியாமல் போன கண்ணுக்குத்தான் அதில் முழு மதிப்பெண்.

முயலின் கண் நம் கண்ணைப் போலவே இருக்கிறது என்பதால்தான் அதைப் பிடித்தார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அதன் கண் பெரிது, அது சாதுவான பிராணி, வளர்க்கச் செலவு குறைவு, வெள்ளை முயலின் கண்ணில் நிறமி கிடையாது என்பதால் சிவப்பு பளிச்சென்று தெரியும். கண்ணில் விழுந்ததைக் கண்ணீர் வடித்துக் கழுவித் தள்ள நம்மால் முடிகிற அளவுக்கு அதனால் முடியாது. நமக்கு இல்லாத மூன்றாவது இமை ஒன்றும் அதற்கு உண்டு. காலால் கண்ணைத் தேய்த்துவிடக் கூடாது என்று தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பெட்டியில் வைத்துப் பூட்டிய ஆய்வகங்கள் ஏராளம். வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்தாக வேண்டும் என்பது இந்தச் சோதனைக்கு ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வைத்திருக்கும் வழிகாட்டியில் 2012 திருத்தத்தில்தான் வந்து சேர்ந்தது. 1944-க்கும் 2012-க்கும் நடுவில் எவ்வளவு காலம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு இதைப் படிக்கும்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இவ்வளவு செய்தும் முடிவு உறுதியாகக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1971-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே பொருட்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பி இதே சோதனையைச் செய்யச் சொன்னார்கள். ஒரு ஆய்வகம் கடும் எரிச்சல் தரும் என்று சொன்ன பொருளை இன்னொரு ஆய்வகம் ஒன்றும் செய்யாது என்றது. கண்ணைப் பார்த்து ஒரு மனிதர் தன் கணிப்பில் மதிப்பெண் போடுகிற வேலை இது, ஆளுக்கு ஆள் மாறத்தானே செய்யும்.

எதிர்த் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1933 வாக்கில் அமெரிக்காவில் லேஷ் லூர் என்ற கண் இமைச் சாயம் விற்றது. அதிலிருந்தது பாராஃபினிலின்டைஅமீன் வகைச் சாயம். போட்டுக்கொண்ட பெண்களில் பார்வை இழந்தவர்கள் உண்டு, ஓர் உயிரும் போனது. அந்த மாதிரிச் சம்பவங்களால்தான் 1938-ல் அங்கே அழகுசாதனப் பொருட்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆக, சோதனையே வேண்டாம், எதையும் கலக்கி எதையும் விற்கலாம் என்று யாராவது சொன்னால் நான் அவர்கள் பக்கம் இல்லை. கண்ணில் படுகிற பொருள் கண்ணைக் கெடுக்காது என்று யாரோ ஒருவர் உறுதி சொல்லியாக வேண்டும். அந்த உறுதிக்கு விலையாக ஒரு முயலின் கண்ணைக் கேட்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஒப்பாததற்குக் காரணம் வெறும் இரக்கம் இல்லை. உயிர் காக்கும் மருந்துக்காக விலங்கைச் சோதிக்கலாமா என்பது கஷ்டமான கேள்வி, நல்லவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், அதற்குள் நான் இங்கே போகவில்லை. தரை துடைக்கும் திரவம் அந்த வகைக் கேள்வியே கிடையாது. தரையைச் சுத்தம் செய்யவும் முடியைக் கழுவவும் தேவையான மூலப்பொருட்கள் நம்மிடம் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன. பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தி, எது எவ்வளவு சேர்த்தால் எரியும், எது எரியாது என்று தெரிந்துபோன பொருட்கள். அவற்றை வைத்தே நல்ல பொருள் செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறார்கள். சோதனை தேவைப்படுவது பெரும்பாலும் புதிய மூலப்பொருளைக் கொண்டுவரும்போது, அதுவும் அநேகமாக ‘புதிய ஃபார்முலா’ என்று பாட்டிலில் போட்டுக்கொள்வதற்காக. இன்னொன்று, கண்ணையே அரித்துவிடும் கழிப்பறை அமிலமும் குழாய் அடைப்பு நீக்கும் திரவமும் எல்லாச் சோதனைக்குப் பிறகும் விற்பனையில்தான் இருக்கின்றன, ‘கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற வரியோடு. அந்த வரியை எழுத முயலின் கண் எதற்கு? அமிலம் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியாது?

மாற்று வழி இல்லையே என்ற வாதமும் முன்பு மாதிரி நிற்பதில்லை. 1980-ல் ஹென்றி ஸ்பிரா என்ற அமெரிக்க ஆர்வலர் நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, அழகுக்காக எத்தனை முயல்களின் கண்ணைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லான் கம்பெனியைப் பெயர் சொல்லிக் கேட்டார். ரெவ்லான் மாற்று முறைகளைத் தேட ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு ஏழரை லட்சம் டாலர் கொடுத்தது. அடுத்த ஆண்டே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு மையம் வந்தது, அதற்குப் பணம் போட்டதும் அழகுசாதனத் தொழில்துறைதான். ஒரு விளம்பரம் இவ்வளவு தூரம் இழுத்திருக்கிறது என்பதால்தான் வாங்குகிறவர்கள் கேட்கிற கேள்விக்குப் பலன் உண்டு என்று நான் நம்புகிறேன்.

அப்படி வந்த மாற்று முறைகளில் எனக்குப் பிடித்தது ஆய்வகத்தில் வளர்க்கும் தோல். அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்து, நோயாளிகள் சம்மதத்தோடு தானமாகக் கிடைக்கும் மனிதத் தோலிலிருந்து செல்களை எடுத்து, சின்னக் கிண்ணத்தில் அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள். மேல்புறம் காற்று, கீழ்ப்புறம் ஊட்டத் திரவம். அளவு சின்னச் சட்டைப் பொத்தான் அளவுதான், ஆனால் நிஜத் தோலின் மேலடுக்கு மாதிரியே இருக்கும். எபிஸ்கின், எபிடெர்ம் என்ற பெயர்களில் இவை விற்பனைக்கே கிடைக்கின்றன. சோதிக்க வேண்டிய பொருளை அதன்மேல் தடவி, குறிப்பிட்ட நேரம் வைத்து, கழுவிவிட்டு, எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தில் வைப்பார்கள். உயிரோடிருக்கும் செல் அந்த மஞ்சளைக் கருநீலமாக மாற்றும், செத்த செல் மாற்றாது. எவ்வளவு கருநீலம் என்று கருவி அளந்து சொல்லும். பாதிக்கு மேல் செல்கள் செத்திருந்தால் அது எரிச்சல் தரும் பொருள். இங்கே ஆளுக்கு ஆள் கணிப்பு மாறுகிற பேச்சே இல்லை. ஓஇசிடி இதை 2010-லேயே வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டது. கண்ணுக்கும் அதே மாதிரி வளர்த்த திசு உண்டு, 2015-லிருந்து. ஒவ்வாமைக்குச் சில சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து விலங்கு இல்லாமலே முடிவு சொல்லும் முறை 2021-ல் வந்துவிட்டது. நீண்ட நாள் பயன்படுத்தினால் உள்ளுறுப்புகளுக்கு என்ன ஆகும், கருவில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்பது போன்ற கேள்விகளுக்குத்தான் முழுமையான மாற்று இன்னும் வரவில்லை. அதற்கும் பதில் இருக்கிறது, பழகிய மூலப்பொருளை வைத்தே பொருள் செய்.

இப்போது முத்திரைகளுக்கு வருகிறேன்.

லீப்பிங் பன்னி 1996-ல் வந்தது. எட்டு விலங்கு நலக் குழுக்கள் சேர்ந்து, ஆளாளுக்கு ஒரு முயல் போட்டுக் குழப்பாமல் ஒரே தரம் வைக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். அமெரிக்காவையும் கனடாவையும் அந்தக் கூட்டமைப்பு பார்த்துக்கொள்கிறது, மற்ற நாடுகளை க்ரூயல்டி ஃப்ரீ இன்டர்நேஷனல் என்ற அமைப்பு பார்க்கிறது. இதில் சேர வேண்டுமென்றால் கம்பெனி ஒரு தேதியைக் குறிக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு தானும் சோதிக்கக் கூடாது, வேறு யாரிடமும் கொடுத்துச் சோதிக்கவும் கூடாது, தனக்கு மூலப்பொருள் தருகிற சப்ளையரும் அதற்காகச் சோதித்திருக்கக் கூடாது. சப்ளையர்களிடம் எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், வெளியாள் வந்து தணிக்கை செய்ய அனுமதிக்க வேண்டும். நான் நாலு மதிப்பெண் கொடுத்தது இந்த சப்ளையர் விஷயத்துக்குத்தான். ஏனென்றால் சோதனை நடக்கிற இடமே அதுதான். தயாரித்து முடித்த ஷாம்புவை முயலின் கண்ணில் விட்டுப் பார்ப்பது இப்போது குறைவு, ஷாம்புவுக்குள் போகும் மூலப்பொருளை அதைத் தயாரிக்கும் வேதிக் கம்பெனிதான் சோதிக்கும். வீட்டுப் பொருட்களுக்கும் இதே முத்திரை உண்டு, இதே கெடுபிடியோடு.

பீட்டாவின் பட்டியல் பெரிது, தேடுவதும் சுலபம், வீகன் பொருட்களை, அதாவது விலங்கிலிருந்து எடுத்த எதுவும் சேராதவற்றை, தனியாகக் காட்டுவது வசதி. கம்பெனி தன் சப்ளையர்களுக்கும் சேர்த்து உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை நேரில் போய்த் தணிக்கை செய்வதில்லை, அதனால்தான் இரண்டரை. நேர்மையான சின்னக் கம்பெனிக்கு இது போதும், நேர்மையைச் சோதித்துப் பார்க்க இது போதாது.

மூன்றாவது வகை, சொந்த முயல். இதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே மதிப்பெண் இருந்தால் அதைக் கொடுத்திருப்பேன். ‘க்ரூயல்டி ஃப்ரீ’ என்பதற்குச் சட்டத்தில் வரையறை எதுவும் கிடையாது என்று எஃப்டிஏவே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருளில் இப்படிப் போட வேண்டுமென்றால் சப்ளையர் வரைக்கும் சோதனை நடந்திருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நான் வாங்கிக்கொண்டிருந்த தரை துடைக்கும் திரவம் ஒன்றில் அழகான முயல் படம் இருந்தது, எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். ‘எங்கள் இறுதிப் பொருள் எதுவும் விலங்குகள் மீது சோதிக்கப்படுவதில்லை’ என்று பதில் வந்தது. மூலப்பொருளைப் பற்றிக் கேட்டேன். ‘சட்டப்படி அவசியமான இடங்களைத் தவிர நாங்கள் சோதனை செய்வதில்லை’ என்றார்கள். உங்கள் சப்ளையர்கள் செய்கிறார்களா என்று கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு வேறு வார்த்தையில் எங்கும் இதே இரண்டுதான் வரும். ‘இறுதிப் பொருள்’ என்று அழுத்திச் சொன்னால் மூலப்பொருளைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். ‘சட்டம் கேட்டாலொழிய’ என்றால் சோதனை கேட்கும் சந்தையிலும் விற்கிறார்கள் என்று அர்த்தம். இதற்கு நேர்மாறாக, பட்டியலில் இருந்த ஒரு சின்னக் கம்பெனிக்கு அதே கேள்விகளை அனுப்பியபோது, எந்தத் தேதியிலிருந்து, எந்தெந்த சப்ளையரிடம் கடிதம் வாங்கியிருக்கிறோம் என்று நேராக எழுதினார்கள். இப்போது தரைக்கு அவர்களுடையதைத்தான் வாங்குகிறேன்.

சந்தை என்றதும் சீனாவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பழைய தகவலே இன்னும் சுற்றுகிறது. அங்கே உள்நாட்டில் தயாராகும் சாதாரண அழகுசாதனங்களுக்கு 2014 ஜூன் முதல் விலங்குச் சோதனை கட்டாயமில்லை, இறக்குமதியாகும் சாதாரண வகைகளுக்கும் 2021 மே முதல் உரிய சான்றிதழ் இருந்தால் தேவையில்லை. ஹேர் டை, சன்ஸ்கிரீன், தோலை வெளுப்பாக்கும் க்ரீம் போன்றவை தனி வகை, அந்த விலக்கில் அவை வரவில்லை. ஆகவே சீனாவில் விற்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு கம்பெனியை ஒதுக்க வேண்டாம், என்ன விற்கிறார்கள் என்று பாருங்கள்.

அழகுசாதனங்களுக்குத் தடைச் சட்டம் இருக்கும்போது முத்திரை எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் இறுதிப் பொருளுக்கும் 2009-ல் மூலப்பொருளுக்கும் சோதனையைத் தடை செய்தது, 2013-ல் அப்படிச் சோதித்ததை விற்பதையும் முழுமையாகத் தடுத்தது. இந்தியா 2014-ல் சோதனைக்கும், சோதித்த அழகுசாதனங்களின் இறக்குமதிக்கும் தடை போட்டது. கனடா 2023 டிசம்பரில். எல்லாம் பெரிய வெற்றிகள், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை அழகுசாதனத்தோடு நின்றுவிடுகின்றன. லிப்ஸ்டிக்குக்குக் கிடைத்த பாதுகாப்பு பாத்திர சோப்புக்கு இல்லை. இஸ்ரேல் மாதிரி வீட்டுச் சுத்திகரிப்புப் பொருளையும் சேர்த்துத் தடை செய்த நாடுகள் கொஞ்சம்தான். முத்திரைக்கு மிக அதிக வேலை இருப்பது இங்கேதான், மக்கள் மிகக் குறைவாகப் பார்ப்பதும் இங்கேதான். முகத்தில் போடுவதை ஆயிரம் தடவை திருப்பிப் பார்க்கிறோம், சிங்க்குக்குப் பக்கத்தில் இருப்பதைத் திருப்பியே பார்ப்பதில்லை.

தடை இருக்கும் இடத்திலும் ஓட்டை உண்டு. அழகுசாதனங்களில் மட்டுமே பயன்படும் ஹோமோசலேட் உள்ளிட்ட இரண்டு சன்ஸ்கிரீன் மூலப்பொருட்களை விலங்குகள் மீது சோதிக்கும்படி ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை கேட்டது, தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக என்றார்கள். சிம்ரைஸ் என்ற ஜெர்மன் கம்பெனி, அழகுசாதனத் தடை இருக்கும்போது இது எப்படி என்று வழக்குக்குப் போனது. 2023 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் முகமையின் பக்கம் தீர்ப்பு சொல்லிவிட்டது. வேண்டாம் என்று சொல்லும் கம்பெனியையே சோதிக்க வைக்கிற சட்டம்! தொழிலாளியின் பாதுகாப்பு முக்கியம்தான், ஆனால் அதற்குக் கையுறையும் காற்றோட்டமும் இருக்கின்றன.

முத்திரை எதைச் சொல்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். க்ரூயல்டி ஃப்ரீ என்றால் வீகன் இல்லை, தேன்மெழுகும் கம்பளி ஆட்டின் லனோலினும் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பும் அதில் இருக்கலாம். வீகன் என்று போட்டிருந்தால் சோதிக்கப்படவில்லை என்றும் இல்லை. உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்ற உத்தரவாதமும் கிடையாது, வாசனைக்காகச் சேர்க்கும் லினலூல் சிலருக்கு அரிக்கும், முயல் இருந்தாலும் அரிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு போகிறதா என்றால் போகிறது, நான் பயன்படுத்தியவரைக்கும் முத்திரை உள்ளதும் இல்லாததும் ஒரே மாதிரிதான் கழுவுகின்றன.

‘எல்லா மூலப்பொருளும் ஒரு காலத்தில் சோதித்ததுதானே, அப்புறம் என்ன வேஷம்’ என்று கேட்பார்கள். ஆமாம், பழைய மூலப்பொருட்களில் பெரும்பாலானவை எப்போதோ ஏதோ ஒரு விலங்கின் மேல் போடப்பட்டவைதான். அந்த முயல்களுக்கு இப்போது நம்மால் எதுவும் செய்ய முடியாது. தேதி குறிப்பது அடுத்த முயலைப் பிடிக்காமல் இருப்பதற்கு, அதில் வேஷம் எதுவும் இல்லை.

வாங்கும்போது படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அமைப்பின் தளத்திலோ செயலியிலோ பிராண்ட் பெயரைத் தேடுங்கள். லோகோ போடத் தனியாக உரிமம் வாங்க வேண்டும் என்பதால் பட்டியலில் இருந்தும் பாட்டிலில் முயல் இல்லாத கம்பெனிகள் உண்டு. தாய்க் கம்பெனி வேறாக இருக்கலாம், முத்திரை பிராண்டுக்கு மட்டும்தான், அது உங்களுக்கு உறுத்தினால் அதையும் பாருங்கள். எனக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனாலும் பெரிய கம்பெனியின் சோதிக்காத பிராண்ட் அதிகம் விற்றால் அந்தக் கம்பெனிக்கே அது புரியும் என்பதால் வாங்குகிறேன்.

லீப்பிங் பன்னிக்கு ஒரு மதிப்பெண் குறைத்தது எதற்கென்றால், அந்தத் தேதி பாட்டிலில் இல்லை. அந்த முத்திரையின் உயிரே அதுதான், அதைக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முயலுக்குக் கீழே ஒரு வருடத்தை அச்சடிக்கப் பெரிய இடம் தேவையில்லை. அச்சடித்தால் ஐந்தும் கொடுக்கிறேன்.